டிராக்டரில் பார வண்டி இழுத்தல்

உழவுக்கென்று வாங்கப்படும் டிராக்டர், உழவில்லாத நாட்களில் சும்மா நிற்பதில்லை. ஏரி வண்டல், தொழு உரம், நெல் மூட்டை, வைக்கோல், ஆலைக்குச் செல்லும் கரும்பு முதலிய சகல பாரங்களையும் அதுவே இழுக்கின்றது. ஆனால் உழுவதற்குக் காட்டப்படும் கவனத்தில் நாலிலொரு பங்குகூடப் பாரம் இழுப்பதற்குக் காட்டப்படுவதில்லை. வயலில் நேரும் தவறு ஒரு சால் கோணலாவதோடு முடியும். சாலையில் நேரும் தவறோ உயிரைக் கொண்டுபோகும். ஆதலால், டிரெயிலர் எனப்படும் பார வண்டியை டிராக்டரில் பூட்டி இழுக்கும் முறைகளைக் குடியானவர்கள் காரணத்தோடு அறிந்துகொள்வது அவசியமாகும்.

1. முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இவ்விஷயம் புதிதன்று. வண்டியில் முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். எனவே, சிறிது முன்பாரமாகவே மூட்டைகளை அடுக்குவது நம் முன்னோர் வழக்கம்.

இரண்டு சக்கரப் பார வண்டிக்கும் விதி இதுவே. மாட்டின் கழுத்துக்குப் பதில் இங்கே டிராக்டரின் பின்புறக் கொக்கி பாரத்தைத் தாங்குகிறது. பாரம் வண்டியின் பின்பகுதியில் குவிந்துவிட்டால், அது கொக்கியை மேல்நோக்கித் தூக்கும். டிராக்டரின் பின்சக்கரங்கள் மண்ணைப் பற்றும் வலிமை அப்போது குறையும். வேகமாய்ச் செல்லுங்கால் வண்டி இருபுறமும் வாலாட்டத் தொடங்கும். வட அமெரிக்காவில் சிறு லாரிக்குப் பின்னால் டிரெயிலர் இழுப்போர், டிரெயிலரின் மொத்த எடையில் 100-க்கு 10 முதல் 15 பங்கு வரை கொக்கியின்மேல் இருக்கவேண்டுமென்று கணக்கு வைத்திருக்கின்றனர். இந்த வாலாட்டத்தைத் தடுப்பதே அதன் நோக்கம்.

முன்பாரம் அளவு கடந்தாலும் தீங்குண்டு. கொக்கி பின்னச்சுக்குப் பின்னால் இருப்பதால், அதன்மேல் விழும் எடை டிராக்டரின் முன்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். முன்சக்கரங்கள் தரையில் இலேசாய்ப் பட்டால், திருப்பு சக்கரத்தை எவ்வளவு திருப்பினும் டிராக்டர் திரும்பாது. டிராக்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கேனும் முன்சக்கரங்களின்மேல் நிற்கவேண்டுமென்பது பொது விதி. மேடேறும்போது முன்புறம் இலேசாவதாகத் தோன்றினால், முன்புறத்தில் மாட்டுவதற்கென்று செய்யப்பட்ட இரும்புப் பாரங்களை மாட்டிக்கொள்ளவேண்டும். அல்லது சுமையைக் குறைக்கவேண்டும். முன்புறத்தில் ஆட்களை உட்காரவைத்துச் சரிக்கட்டுவது ஒருபோதும் தகாது.

2. கொக்கியும் ஆணியும்

கடையாணி கழன்ற வண்டி எங்குபோய் நிற்குமென்று நாம் அறிவோம். கொக்கியில் செருகும் ஆணி அதைவிட முக்கியமானது. அது அளவுக்கேற்ற பருமனுள்ளதாயும், தேயாததாயும், கீழ்நுனியில் பூட்டுமுள் உடையதாயும் இருத்தல் வேண்டும். ஆணிக்குப் பதில் கடப்பாரைத் துண்டையோ பழைய போல்ட்டையோ செருகுவது சிலரிடம் காணப்படும் வழக்கம். பள்ளத்தில் வண்டி குலுங்குங்கால் அவை மேலெழும்பிக் கழன்றுவிடும். ஆணி கழன்றாலும் வண்டி பிரிந்து ஓடாதிருக்க, ஓர் உறுதியான சங்கிலியைத் தனியே பிணைத்துவைப்பது நலம்.

வண்டியைப் பூட்டும்போது, டிராக்டர் பின்னோக்கி வருகையில் இரண்டிற்கும் நடுவே எவரும் நிற்கலாகாது. டிராக்டர் முற்றிலும் நின்று, கைப்பிரேக் போடப்பட்ட பின்னரே ஆள் உள்ளே புகுந்து ஆணியைச் செருகவேண்டும்.

3. நிறுத்தும் சக்தி

இழுப்பதற்கு வேண்டிய பலத்தை எல்லோரும் எண்ணிப் பார்க்கின்றனர். நிறுத்துவதற்கு வேண்டிய பலத்தை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. டிராக்டரின் எடை 2 டன் என்றும், பாரத்தோடு வண்டியின் எடை 6 டன் என்றும் வைத்துக்கொள்வோம். வண்டிக்குத் தனிப் பிரேக் இல்லையாயின், 2 டன் யந்திரத்திற்கென்று அமைந்த பிரேக் 8 டன்னை நிறுத்தவேண்டியதாகிறது. பிடிப்பு பழையதே, எடையோ நான்கு மடங்கு. நின்று முடிக்கும் தூரமும் அதற்கேற்றபடி நீளுமென்பது சொல்லாமலே விளங்கும்.

வேகம் இதைவிடப் பொல்லாதது. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 8 மீட்டருக்குமேல் ஓடுகிறது. ஓட்டுபவர் குறுக்கே வந்த ஆட்டைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே இந்தத் தூரம் கழிந்துவிடும்.

டிராக்டரில் இடப்பின்சக்கரத்திற்கும் வலப்பின்சக்கரத்திற்கும் தனித்தனிப் பிரேக் மிதிகள் உண்டு. வயலின் கோடியில் திரும்புவதற்கு இவை உதவும். சாலைக்கு வருமுன் இரண்டு மிதிகளையும் அவற்றிற்குரிய தாழினால் இணைத்துவிடவேண்டும். இணைக்காமல் ஒரு மிதியை மட்டும் வேகத்தில் அழுத்தினால், டிராக்டர் ஒரு பக்கமாய்ச் சுழலும். பின்னால் வரும் பாரம் அதைத் தள்ளி மடக்கிக் கவிழ்த்துவிடும்.

4. இறக்கத்தில் செல்லுதல்

20 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சாலை கண்ணுக்கு அவ்வளவு செங்குத்தாய்த் தோன்றாது. ஆயினும் 6 டன் வண்டி அதில் இறங்குங்கால், சுமார் 300 கிலோ பலம் அதைக் கீழ்நோக்கி இழுக்கிறது. சக்கரங்களின் உராய்வு இதில் ஒரு பகுதியைத் தடுத்தாலும், மிச்சமெல்லாம் டிராக்டரைப் பின்னிருந்து தள்ளும். எண்ணெயை மிச்சப்படுத்துவதாக எண்ணி, கியரை நியூட்ரலில் தள்ளி உருட்டிவிடுவது மிகப் பெரும் பிழை. மேடேறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அந்தக் கியரிலேயே அந்த மேட்டில் இறங்கவேண்டும். இறக்கம் தொடங்குமுன்னரே கியரை மாற்றிக்கொள்ளவேண்டும். நடுவில் கிளட்சை மிதித்தால், இஞ்சின் பாரத்தைத் தடுத்து நிறுத்தும் உதவி அற்றுப்போகும்.

5. சேற்றில் அகப்பட்டால்

வண்டி சேற்றில் அமிழ்ந்தபோதுதான் பொறுமை வேண்டும். கொக்கிக்கு உரிய தாழ்ந்த இடத்தை விட்டு, பின்னச்சிலோ அதற்கு மேலோ சங்கிலியைக் கட்டி இழுப்பவர் உண்டு. அவ்வாறு இழுத்தால், பின்சக்கரம் நகராதபோது இஞ்சினின் பலம் டிராக்டரின் முன்புறத்தையே மேலே தூக்கி, ஓட்டுபவர்மேல் மல்லாக்கக் கவிழ்க்கும். இதற்கு ஒன்றரை வினாடிகூட ஆவதில்லை. குதித்துத் தப்ப நேரமிராது. சுழலாத பின்சக்கரத்தோடு மரக்கட்டையைக் கட்டி ஏற்றப் பார்ப்பதும் இதே ஆபத்தை விளைவிக்கும். பாரத்தில் பாதியை இறக்கி, சக்கரத்தின் முன் மண்ணை வெட்டிச் சரிவாக்கி, கல்லோ தழையோ பரப்பி, கிளட்சை மெல்ல விடுவதே தக்க வழி.

6. பாரம் அடுக்குதல்

கனமானவற்றை அடியிலும் இலேசானவற்றை மேலும் அடுக்கவேண்டும். கரும்பும் வைக்கோலும் உயர உயர, வண்டியின் பாரமையம் மேலேறும். வளைவிலும் ஏரிக்கரையின் சரிவிலும் சாய்வது எளிதாகும். ஒரு நடை மிச்சமாகுமென்று எண்ணி இரண்டு நடைக்குரிய பாரத்தை ஏற்றுவதால் வரும் லாபம், ஒரு டயர் வெடித்தால் போய்விடும். வண்டி கவிழ்ந்தால் அதற்குக் கணக்கே இல்லை. பாரத்தின்மேல் கூலியாட்களை ஏற்றிச்செல்வதும், கொக்கிக்கும் வண்டிக்கும் நடுவிலுள்ள சட்டத்தில் சிறுவர்களை நிற்கவிடுவதும் அறவே விலக்கத்தக்கன.

7. இரவில்

பகலில் மலைபோல் தோன்றும் கரும்பு வண்டி, இரவில் பின்னால் வருபவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கரும்பின் நுனி பின்விளக்கை மறைத்திருப்பதே காரணம். வண்டியின் பின்புறம் இரு ஓரங்களிலும் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டி, அது மறையாதபடி பாரம் அடுக்கவேண்டும். வழியில் பழுதாகி நின்றால், வண்டியைச் சாலையைவிட்டு ஒதுக்கி, பின்னால் வருவோருக்குத் தொலைவிலேயே தெரியும்படி அடையாளம் வைக்கவேண்டும். சக்கரத்திற்கு முட்டுக்கொடுத்த கற்களைப் புறப்படும்போது எடுத்து அப்புறப்படுத்துவது ஓட்டுபவரின் கடமை. நடுச்சாலையில் விட்டுப்போன கல், பின்னர் சைக்கிளில் வரும் ஏழையை வீழ்த்தும்.

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெயிலரும் மோட்டார் வாகனங்களில் ஒன்றாகவே கொள்ளப்படுகிறது. ஆகவே டிராக்டருக்கு மட்டுமின்றி, டிரெயிலருக்கும் முறைப்படி பதிவு செய்துகொள்ளவேண்டும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

(1) பாரம் சிறிது முன்பாரமாக இருக்கட்டும், அளவு கடக்கவேண்டாம்.
(2) ஆணி, பூட்டுமுள், சங்கிலி, டயர்க் காற்று, சக்கர நட்டுகள் ஆகியவற்றைப் புறப்படுமுன் ஒவ்வொரு நடைக்கும் பார்க்கவும்.
(3) சாலைக்கு வருமுன் இரு பிரேக் மிதிகளையும் இணைக்கவும்.
(4) ஏறும் கியரிலேயே இறங்கவும்.
(5) கொக்கியைத் தவிர வேறெங்கும் கட்டி இழுக்கவேண்டாம்.
(6) வண்டியின்மேலும் சட்டத்தின்மேலும் ஆட்கள் வேண்டாம்.
(7) பின்விளக்கும் ஒளிப்பட்டையும் மறையாதிருக்கட்டும்.

இவற்றைத் தாளில் எழுதி, டிராக்டர் நிறுத்தும் கொட்டகையில் ஒட்டிவைப்பதோடு, புதிதாய் ஓட்டப் பழகும் இளைஞர்களுக்குப் படித்துக் காட்டுவதும் நன்று. இவற்றுள் எதுவும் பணச் செலவு மிகுந்ததன்று. வேண்டுவது கருத்தூன்றிய கவனமே. விளைந்த பொருள் களத்திலிருந்து வீடு சேரும் வரை விவசாயம் முடிவதில்லை. பாரத்தோடு அதை ஓட்டிச் சென்றவரும் நலமே வீடு சேர்ந்தாலன்றி, அவ்விளைச்சலால் பயனில்லை என்பதைக் குடியானவர்கள் உணர்வார்களாக.