திரும்பி வந்த பிள்ளையும் திரும்பாத தோழியும்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் துபாய் விமான நிலையத்தில் பெட்டிகள் வந்து சேரும் இடத்தில் நின்றால், ஊரிலிருந்து வரும் நம் குடும்பங்களைச் சட்டென்று அடையாளம் காணலாம். நைலான் கயிறு சுற்றிய அட்டைப்பெட்டி, அதன் மேல் பெரிய எழுத்தில் அப்பாவின் பெயரும் கைபேசி எண்ணும். உள்ளே ஆச்சி அரைத்துக் கொடுத்த இட்லிப்பொடி, வெயிலில் காய்ந்த வடகம், வாழையிலையில் பொதிந்த அல்வா. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் தூக்கக் கலக்கத்தோடு ஒரு பிள்ளை நிற்கும். அதற்கு இன்னும் மூன்று நான்கு நாளில் பள்ளி.

என் மகள் இங்கே பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியில் படிக்கிறாள். ஜூலை தொடக்கத்தில் விடுமுறை விட்டால் ஆகஸ்ட் கடைசியில்தான் திறப்பார்கள். வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டி நிற்கும் அந்த இரண்டு மாதமும் நாங்கள் தென்காசியில் இருப்போம். திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் எங்கள் குடியிருப்பின் அம்மாக்கள் பேசிக்கொள்ளும் சில வாசகங்கள் உண்டு. அவற்றையெல்லாம் நானும் நம்பியிருக்கிறேன். நம்பி நடந்ததில் மகளுக்கு நேர்ந்த வருத்தத்தைப் பார்த்த பிறகுதான் விசாரிக்கவும் படிக்கவும் தொடங்கினேன்.

நம்பிக்கை: இரண்டு மாதத்தில் படித்ததெல்லாம் மறந்துபோயிருக்கும்

இந்தப் பயம் ஆதாரமில்லாதது என்று சொல்லமாட்டேன். அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய சகாக்களும் 1996-ல் 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நீண்ட கோடை விடுமுறை முடியும்போது பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பின் அளவுக்குப் பின்தங்கியிருக்கிறார்கள் என்றது அந்தத் தொகுப்பு. கணக்கில் இறக்கம் அதிகம், வாசிப்பில் குறைவு. பிற்காலத்தில் பால் வான் ஹிப்பெல் போன்றவர்கள் புதிய தேர்வுத் தரவுகளை வைத்து மறுபடியும் பார்த்தபோது, எந்தத் தேர்வைக் கொண்டு அளக்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த இறக்கத்தின் அளவே மாறியது. ஆகவே ‘எல்லாம் போச்சு’ என்று பதறுவதற்கு இதில் ஒன்றுமில்லை. ஆசிரியர்களுக்கும் இது தெரியும். பழையதைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் புதிய பாடத்துக்குப் போவார்கள்.

விடுமுறையின் கடைசிப் பத்து நாளில் பயிற்சித்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு பிள்ளையைத் துரத்துவதால் அந்த ஒரு மாதம் திரும்பி வந்துவிடாது. ஊரில் ஆச்சியோடு காய்கறிச் சந்தைக்குப் போய் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கியதும், தூங்கும் முன் பத்துப் பக்கம் கதை வாசித்ததும் போதும். கணக்கு மட்டும் தினம் பத்து நிமிடம் கையில் இருந்தால் நல்லது.

நம்பிக்கை: முதல் வாரம் ஒன்றும் நடத்தமாட்டார்கள், மெல்லப் போகலாம்

ஆகஸ்ட் கடைசியில் விமானக் கட்டணம் எகிறும். செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்கு டிக்கெட் போட்டால் நான்கு பேர் குடும்பத்துக்குக் கணிசமாக மிஞ்சும். அந்தக் கணக்கை நான் குறைத்துப் பேசவில்லை. மாதக் கடைசி எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும்.

பாடம் அதிகம் நடக்காது என்பதும் சரிதான். ஆனால் அந்த வாரத்தில் வேறு ஒன்று நடக்கிறது. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு இங்கேயும் ஏப்ரலில்தான் ஆண்டு தொடங்குகிறது, கோடை விடுமுறை நடுவில் வரும். திரும்பி வரும் பிள்ளை அதே வகுப்பில், அதே இருக்கையில் போய் உட்காரும். பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகளில் அப்படியில்லை. கோடைக்குப் பிறகு வகுப்பும் புதிது, ஆசிரியரும் புதிது. பல பள்ளிகளில் பிரிவுகளைக் கலைத்து மாணவர்களைப் புதிதாகச் சேர்க்கிறார்கள். யார் பக்கத்தில் யார், மதிய உணவுக்கு யாரோடு யார், விளையாட்டு நேரத்தில் எந்தக் கூட்டம் என்பதெல்லாம் அந்த முதல் ஐந்து நாளில் முடிவாகிவிடுகிறது. பன்னிரண்டாம் நாள் வந்து நிற்கும் பிள்ளைக்குப் பாடக் குறிப்பு கிடைத்துவிடும், கூட்டத்துக்குள் நுழைய வழி கிடைப்பது கடினம். எங்காவது சேமிக்க வேண்டுமென்றால், திரும்பும் நாளை விட்டுவிட்டுப் போகும் நாளை நகர்த்திப் பாருங்கள்.

நம்பிக்கை: குழந்தைதானே, நாலு நாளில் மறந்துவிடும்

இந்த ஒரு வாசகத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

மகளுக்கு அப்போது ஏழு வயது. அவளுக்கு ஒரு எகிப்தியத் தோழி இருந்தாள். ஒருத்தி தமிழ், ஒருத்தி அரபு, இருவருக்கும் நடுவில் ஆங்கிலம். அந்த ஜூலையில் நாங்கள் குற்றாலச் சாரலில் நனைந்துகொண்டிருந்தபோது தோழியின் அப்பாவுக்கு வேலை ஒப்பந்தம் முடிந்து, குடும்பமே துபாயைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. வகுப்புப் பெற்றோர் குழுவில் ஒரே ஒரு செய்தி வந்தது. நான் படித்தேன். மகளிடம் சொல்லவில்லை. விடுமுறையில் எதற்கு அழவிட வேண்டும், பள்ளிக்குப் போனால் புதிதாக ஒருத்தி கிடைப்பாள் என்று நினைத்தேன்.

முதல் நாள் மாலை வகுப்பாசிரியை அழைத்தார். மகள் தன் பக்கத்து நாற்காலியில் பையை வைத்துக்கொண்டு யாரையும் உட்காரவிடவில்லையாம். “அவ லேட்டா வருவா” என்று மூன்று முறை சொன்னாளாம். அன்று இரவு நான் உண்மையைச் சொன்னபோது அவள் கேட்டது, “உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?” என்பதுதான். தோழி போனதைவிட அது அவளுக்குப் பெரிதாக இருந்தது.

வளைகுடாவில் பெரும்பாலோருக்குக் குடியிருப்பு விசா வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்து, குறிப்பிட்ட அவகாசத்துக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் குடும்பம் கிளம்ப வேண்டும். பள்ளி ஆண்டு முடியட்டும் என்று பெற்றோர் காத்திருப்பதால், கிளம்புவது பெரும்பாலும் கோடையில்தான் நடக்கிறது. சர்வதேசப் பள்ளி என்ற ஏற்பாடே இப்படி நகர்ந்துகொண்டிருக்கும் குடும்பங்களுக்காகப் பிறந்தது. 1924-ல் ஜெனிவாவில் தொடங்கிய சர்வதேசப் பள்ளி, உலக நாடுகள் சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் வேலை பார்க்க வந்தவர்களின் பிள்ளைகளுக்காகத்தான் உருவானது. ஆகவே ஒவ்வொரு கோடைக்குப் பிறகும் வகுப்பில் சில முகங்கள் குறைவது இங்கே விபத்தல்ல, வழக்கம். ஊரில் ஒரே பள்ளியில் பன்னிரண்டு ஆண்டு படித்த நமக்கு அது உறைப்பதில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீம் 1950-களில் இந்தியாவுக்குப் போய், அங்கே வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தார். பெற்றோரின் பண்பாடு ஒன்று, வாழும் நாட்டின் பண்பாடு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே இந்தக் குடும்பங்கள் மூன்றாவதாக ஒன்றை உருவாக்கிக்கொள்வதைக் கண்டு அதற்கு ‘மூன்றாம் பண்பாடு’ என்று பெயரிட்டார். அதில் வளரும் குழந்தைகளைப் பற்றி டேவிட் பொல்லாக், ரூத் வான் ரெக்கன் இருவரும் 1999-ல் வெளியிட்ட நூல் இன்றும் சர்வதேசப் பள்ளி ஆலோசகர்கள் கையில் இருக்கிறது. அவர்கள் அழுத்திச் சொல்வது, துக்கப்படப் பிள்ளைக்கு இடம் கொடுங்கள், முறையாக விடைபெற வையுங்கள் என்பதைத்தான். சொல்லாமல் பிரிந்த பிரிவுகள் சேர்ந்துகொண்டே போனால், சில பிள்ளைகள் புதியவர்களிடம் நெருங்குவதையே நிறுத்திவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்க்க அது ‘நன்றாகப் பழகிவிட்டான், அழுவதே இல்லை’ என்பதுபோல் இருக்கும்.

இன்னொரு பிரிவையும் நாம் எண்ணுவதில்லை. ஆச்சியையும் தாத்தாவையும் விட்டுவிட்டு வந்து நான்கு நாள்தான் ஆகிறது. தமிழ்நாட்டில் பள்ளி ஜூனிலேயே திறந்துவிடுவதால் ஜூலையில் போகும் நம் பிள்ளைகளுக்கு மாமா பிள்ளைகள் மாலையில்தான் கிடைப்பார்கள். பகல் முழுவதும் ஆச்சியின் சேலைத் தலைப்புதான் உலகம். அங்கிருந்து பிரித்துக் கொண்டுவந்த பிள்ளை, இங்கே தோழியையும் காணாமல் நிற்கிறது. இரண்டு துக்கமும் ஒரே வாரத்தில் வருகின்றன.

மகள் அப்புறம் அந்தத் தோழிக்கு ஒரு படம் வரைந்து அனுப்பினாள். தோழியின் அம்மாவுடைய எண்ணைத் தேடிப் பிடித்து, கெய்ரோவுக்கு ஒரு காணொளி அழைப்பு போட்டோம். இருவரும் ஒன்றும் பேசவில்லை. பல் விழுந்த இடத்தை மாறி மாறிக் காட்டிக்கொண்டார்கள். மறுநாள் பையை அந்த நாற்காலியிலிருந்து எடுத்துவிட்டாளாம்.

நம்பிக்கை: ஊரில் தமிழே பேசி ஆங்கிலம் கெட்டுப்போச்சு

“வந்துட்டியாட்டி” என்று ஆச்சியைப் போலவே இழுத்துப் பேசிக்கொண்டு திரும்பிய மகளைப் பார்த்து ஒரு தோழி எனக்கு அறிவுரை சொன்னார்: பள்ளி திறக்கும்வரை வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசு. அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அது தவறு.

இரண்டு மொழி பேசும் பிள்ளையின் அறிவு குழம்பும் என்ற பழைய எண்ணத்தை, மாண்ட்ரீலில் பீல், லாம்பர்ட் இருவரும் பத்து வயதுப் பிள்ளைகளிடம் செய்து 1962-ல் வெளியிட்ட ஆய்வே அசைத்துவிட்டது. கனடாவின் ஜிம் கம்மின்ஸ் இன்னும் தெளிவாகச் சொன்னார். புதிய மொழியில் விளையாட்டுப் பேச்சு இரண்டு ஆண்டில் வந்துவிடும், பாடத்துக்கு வேண்டிய மொழி கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். வீட்டு மொழியில் வலுவாக இருக்கும் பிள்ளை அந்த வலுவை இரண்டாம் மொழிக்கும் கொண்டுபோகும். காரணம் சொல்வது, ஒப்பிடுவது, கதையைக் கோவையாகச் சொல்வது எல்லாம் எந்த மொழியில் கற்றாலும் கற்றதுதான். இங்கே பிள்ளைகள் பள்ளியில் அரபும் படிக்கிறார்கள். மூன்று மொழியைத் தாங்கும் பிள்ளைக்கு அடித்தளமாக இருப்பதைப் பிடுங்கலாமா? இரண்டு மாதம் தமிழில் வாழ்ந்த பிள்ளை முதல் வாரம் ஆங்கிலச் சொல்லுக்குத் தடுமாறும். அது சில நாளில் சரியாகிவிடும். வீட்டில் அடைத்துவிட்ட தமிழ் அப்படித் திரும்பாது.

இதில் எனக்கு அதிகம் வலிப்பது வேறு. முதல் வாரத்தில் ‘விடுமுறையில் என்ன செய்தாய்’ என்று எழுதச் சொல்வார்கள். பக்கத்து இருக்கைகளில் சுவிட்சர்லாந்தும் பாலித்தீவும் இருக்கும். எங்கள் குடியிருப்பில் ஒரு சிறுவன் கோவில்பட்டித் தாத்தா வீட்டுக்குப் போயிருந்தான். கடலோர விடுதியில் தங்கினோம் என்று எழுதிவைத்தான். கிணற்றில் குதித்து நீச்சல் கற்றுக்கொண்டதை அவன் எழுதவே இல்லை. “ஊருக்குத்தானே போனோம்” என்று நாம் அலட்சியமாகச் சொல்வதிலிருந்துதான் பிள்ளை அந்த வெட்கத்தைக் கற்றுக்கொள்கிறது. பள்ளி திறக்கும் முன் கிணற்றுப் படத்தையும், ஆடி மாதக் கொடைவிழாப் படத்தையும் எடுத்துவைத்து, அங்கே நடந்ததை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று பிள்ளையோடு பேசிப் பாருங்கள்.

நம்பிக்கை: தூக்கம் தானாகச் சரியாகும்

வளைகுடாவுக்குத் திரும்புகிறவர்களுக்கு உண்மையில் இது எளிது. துபாய் நேரம் இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஊரில் இரவு பத்தரைக்குத் தூங்கிய பிள்ளைக்கு இங்கே ஒன்பதுக்கே கண் சொக்கும். முதல் இரண்டு மூன்று இரவுகளில் அதை அப்படியே பிடித்துக்கொண்டால், விடியற்காலைப் பள்ளிப் பேருந்துக்குப் பிள்ளையை உலுக்கி எழுப்ப வேண்டியிருக்காது. புத்தகப்பை வாங்க இரவு பதினொரு மணிவரை மாலில் சுற்றித்தான் நாம் அதைக் கெடுக்கிறோம்.

சிங்கப்பூர் திரும்புகிறவர்களுக்கு நேர்மாறு. அங்கே காலை ஆறரை என்றால் பிள்ளையின் உடலுக்கு அது ஊரின் நான்கு மணி. அவர்கள் ஒரு வாரம் முன்னதாக வந்து சேருவது நல்லது. 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கமும், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரமும் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரை.

நம்பிக்கை: காலையில் வரும் வயிற்றுவலி நடிப்பு

பயத்தில் வரும் வயிற்றுவலி நிஜமான வலி. குடலும் மூளையும் நரம்புகளால் ஓயாமல் பேசிக்கொள்கின்றன, மனம் கலங்கினால் வயிறு இழுத்துப் பிடிக்கும். “நடிக்காதே” என்று சொன்னால், வலியோடு சேர்த்துப் பொய் சொன்ன பழியும் பிள்ளை தலையில் விழுகிறது. அதற்காக வீட்டிலேயே இருத்திக்கொள்வதும் உதவாது. ஒருநாள் நின்றால் மறுநாள் போவது இன்னும் கடினமாகிவிடும். “வலிக்குதுன்னு தெரியுது, டீச்சர்கிட்டயும் சொல்றேன், நாம போகலாம்” என்று சொல்லி அழைத்துப்போங்கள். காய்ச்சலோ வாந்தியோ இருந்தால், இரவில் வலி தூக்கத்தைக் கலைத்தால், எடை குறைந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அழுகையும் வலியும் இரண்டு மூன்று வாரம் தாண்டியும் நீடித்தால் பள்ளியின் ஆலோசகரைக் கேளுங்கள். சர்வதேசப் பள்ளிகள் பலவற்றில் அதற்கென்றே ஒருவர் இருக்கிறார். நாம்தான் அந்தக் கதவைத் தட்டத் தயங்குகிறோம்.

பெட்டியைப் பிரிக்கும் முன், சீருடைக்கு இஸ்திரி போடும் முன், வகுப்பாசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். என் பிள்ளையின் நண்பர்களில் இந்த ஆண்டு திரும்பி வராதவர்கள் யார் என்று கேளுங்கள். பதில் வந்ததும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே சொல்லுங்கள்.