மாவுக்கட்டின் கதை

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி திங்கட்கிழமைதோறும் பள்ளிக்கு வரவில்லை. நான்கு வாரம் இப்படிக் கழிந்த பிறகே எங்களுக்குக் காரணம் தெரிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள அவள் வீட்டில் ஒரு தம்பி பிறந்திருந்தான். அவனுடைய இரு பாதங்களும் உட்புறமாக மடங்கி, உள்ளங்கால்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. தந்தைக்கு மில்லில் பகல் ஷிப்ட். தாயார் பச்சைக் குழந்தையையும் பையையும் தூக்கிக்கொண்டு தனியாக மதுரை பஸ் ஏற இயலாது. ஆகவே கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று ஊர்களை எண்ணிக்கொண்டே இவளும் உடன் போய் வந்தாள். "ஒவ்வொரு வாரமும் பழைய மாவுக்கட்டை அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுகிறார்கள்" என்றாள்.

எலும்பு முறிந்தவர்களுக்கு அல்லவா மாவுக்கட்டு? முறியாத காலுக்கு எதற்கு? அதுவும் வாரத்துக்கு ஒன்று எதற்கு? இந்தக் கேள்வியை அறிவியல் ஆசிரியையான சிஸ்டரிடம் கொண்டு போனோம். அவர் விடை சொல்லவில்லை. "முதலில் அந்தக் கட்டு எதனால் ஆனது என்று பார்த்து வாருங்கள். நிலவியல் ஒரு நோட்டில், வேதியியல் ஒரு நோட்டில், உயிரியல் ஒரு நோட்டில் என்று எழுதாமல், மூன்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள்" என்றார். அந்த நோட்டிலிருந்து எடுத்தவையே இவை.

மாவுக்கட்டின் மாவு, அரிசி மாவும் அன்று, மைதா மாவும் அன்று. அது ஜிப்சம் என்னும் கல்லின் பொடி. கடல்நீர் வெயிலில் வற்றும்போது அதில் கரைந்துள்ள பொருள்கள் எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் சுண்ணாம்புப் பொருள், அடுத்து ஜிப்சம், அதன் பிறகே நாம் உண்ணும் உப்பு. தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு விளைவதற்கு முந்திய பாத்திகளில் ஜிப்சம் படிவது இதனால்தான். இதே செயல் மனிதர் இல்லாத காலத்திலும் நடந்திருக்கிறது. ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியைக் கடல் மூடியிருந்தது. அங்குள்ள களிமண் அடுக்குகளில் கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்களோடு ஜிப்சமும் கிடைக்கிறது. இந்தியாவில் மிகுதியாகக் கிடைப்பது ராஜஸ்தானத்தில்.

ஜிப்சம் ஒரு விந்தையான கல். தொட்டால் உலர்ந்தே இருக்கும். ஆனால் அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்! கால்சியம் சல்ஃபேட்டின் ஒவ்வொரு மூலக்கூறோடும் இரண்டு நீர் மூலக்கூறுகள் பிணைந்து படிகத்துக்குள் அடைபட்டிருக்கின்றன. சுமார் 150 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் வாட்டினால் அந்த நீரில் முக்கால் பங்கு ஆவியாகிப் போய்விடும். எஞ்சுவது வெண்ணிறப் பொடி. பாரிஸ் நகரத்து மோன்மார்த்ர் குன்றில் இந்தக் கல்லைத் தோண்டிச் சுட்டு வந்ததால் பாரிஸ் சாந்து என்று பெயர் பெற்றது.

இந்தப் பொடியில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்தோம். சில நிமிடங்களில் குழம்பு இறுகியது. கையிலிருந்த பாத்திரம் சுடத் தொடங்கியது. இழந்த தண்ணீரை அது திரும்ப எடுத்துக்கொள்கிறது. வாட்டியபோது வாங்கிய வெப்பத்தையும் திருப்பித் தருகிறது. உண்டாகும் படிகங்கள் ஊசி ஊசியாக வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் கெட்டியாகிறது. இப்போது அது என்ன பொருள்? மீண்டும் அதே ஜிப்சம்! சுரங்கத்தில் எடுத்த கல்லுக்கும் குழந்தையின் காலில் இறுகிய கட்டுக்கும் வேதியியலில் வேறுபாடு இல்லை. இதை நோட்டில் எழுதிய அன்று எங்களுக்கு உண்டான மகிழ்ச்சி பரீட்சையில் நூறு வாங்கினாலும் வராது.

கால்சியம் செய்யும் வேலைகளைத் தேடிக் கண்ணைத் திறந்தால், நம் ஊர்களே ஒரு பாடப்புத்தகம். கோயில் கோபுரங்களில் உள்ள சுதைச் சிற்பங்கள் சுண்ணாம்பால் ஆனவை. சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி இறுகும். அதற்குப் பல வாரங்கள், பல மாதங்கள்கூட ஆகும். ராஜபாளையத்தைச் சேர்ந்த பி. ஏ. சி. ராமசாமி ராஜா தொடங்கிய நிறுவனத்தின் சிமெண்டு ஆலை விருதுநகர் அருகே 1961-ல் இயங்கத் தொடங்கியது. அங்கே சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுமார் 1450 டிகிரியில் சுட்டு அரைக்கிறார்கள். அரைக்கும்போது சிறிதளவு ஜிப்சம் சேர்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் கொத்தனார் கரண்டியை எடுப்பதற்குள் சிமெண்டு இறுகிவிடும். தனியே இருக்கும்போது சில நிமிடங்களில் இறுகுகிற ஜிப்சம், சிமெண்டுக்குள் போனால் அதன் அவசரத்தைத் தடுத்து நிறுத்துகிறது!

சிமெண்டும் மருத்துவமனைக்குள் நுழைந்திருக்கிறது என்று அறிந்து வியந்தோம். ஈரத்திலும் இறுகும் அதன் குணத்தைக் கண்டு, அமெரிக்காவில் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொராபினெஜாட் என்னும் பல் மருத்துவர், சிமெண்டின் கூட்டுப்பொருள்களோடு பிஸ்மத் ஆக்சைடைச் சேர்த்துப் பல்வேரின் ஓட்டைகளை அடைக்கும் மருந்து ஒன்றை உருவாக்கினார். 1993-ல் அது வெளிவந்தது. பிஸ்மத் சேர்ப்பது எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிவதற்காக. அதற்காகக் கடையில் விற்கும் சிமெண்டு மூட்டை மருந்தாகிவிடாது. வீடு கட்டும் சிமெண்டில் ஆர்சனிக் போன்ற நச்சுப் பொருள்கள் சிறிதளவு இருக்கக்கூடும். ஒரே பொருள் சுவருக்குப் போகும்போது ஒரு தூய்மை, வாய்க்குள் போகும்போது வேறு தூய்மை.

மாவு கிடைத்துவிட்டது. ஆனால் வெறும் மாவைக் குழைத்துக் காலில் பூசினால் காய்ந்ததும் வெடித்து உதிர்ந்துவிடும். அதைத் தாங்க ஒரு துணி வேண்டும். அந்தத் துணிக்காக நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் நெய்வது மருத்துவத் துணிதான். ஒரு சனிக்கிழமை அங்கே போய்ப் பார்த்தோம். தறிச் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. சேலைக்கு இழைகள் நெருங்கி இருப்பது அழகு. பேண்டேஜ் துணிக்கோ இழைக்கும் இழைக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும். அந்தச் சிறு கட்டங்களில்தான் மாவு தங்கும். தறியிலிருந்து இறங்கும் துணி பழுப்பாக இருக்கிறது; தண்ணீர் பட்டால் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. பஞ்சில் இயற்கையாகவே மெழுகு உண்டு. காட்டில் மழை பெய்தால் பருத்திக்கு அது குடை. காரத்தில் வேகவைத்து அந்த மெழுகை நீக்கி, வெளுத்த பிறகே துணி நீரை உறிஞ்சும். மருந்துக்கடைப் பஞ்சை வாங்கித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்ல பஞ்சு 10 விநாடிக்குள் மூழ்கிவிடும். எங்கள் வீடுகளில் மெத்தைக்கு வைத்திருந்த பஞ்சு மதியம் வரை மிதந்தது.

துணியில் உலர்ந்த பாரிஸ் சாந்தைத் தேய்த்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது நனைத்துச் சுற்றலாம் என்று கண்டவர் அந்தோனியஸ் மத்தைசன் என்ற டச்சு ராணுவ மருத்துவர். ஆண்டு 1851. அதற்கு முன் ஐரோப்பாவில் கஞ்சிப்பசை தோய்த்த துணியால் கட்டுவார்கள். அது காய்ந்து இறுக இரண்டு மூன்று நாள் ஆகும். போர்க்களத்தில் அடிபட்டவனை அவ்வளவு நாள் அசையாமல் வைத்திருக்க முடியுமா? நம் பக்கத்தில் மூங்கில் சிம்பு வைத்து முட்டை வெண்கருவில் தோய்த்த துணியால் கட்டும் வழக்கம் இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். அதுவும் இதே தேவைக்கு நம்மவர் கண்ட வழி.

இனி, முறியாத காலின் கதை. இக்குறை ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்று என்ற அளவில் உலகெங்கும் காணப்படுகிறது. ஆண் குழந்தைகளுக்கு இரு மடங்கு அதிகம். எங்கள் தோழியின் தாயாரிடம், "கிரகணத்தன்று வெளியே போனாயா?" என்று கேட்காதவர் தெருவில் இல்லையாம். பிள்ளை பெற்ற உடம்போடு அந்த அம்மா இந்தக் கேள்விக்கு எத்தனை முறை அழுதிருப்பார்! கிரகணத்துக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதை இங்கே அழுத்தமாக எழுத விரும்புகிறோம். கிரகணம் எல்லா ஊரிலும் தெரிந்த நாளில்கூடப் பாதம் நேராகப் பிறந்த குழந்தைகளே மிகுதி.

முன்னெல்லாம் இப்படிப்பட்ட பாதத்தை அறுவை செய்து திருத்துவார்கள். தழும்பு இறுகி, வளர்ந்த பிறகு பாதம் மடங்காமல் வலிக்கும். ஸ்பெயின் நாட்டின் மெனோர்க்கா தீவில் 1914-ல் பிறந்தவர் இக்னேசியோ பொன்செட்டி. கடிகாரம் பழுது பார்ப்பவரின் மகன். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் செய்துவிட்டு நாட்டைவிட்டு வெளியேறி, அமெரிக்காவில் ஐயோவா பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தார். பிறந்த குழந்தையின் பாதத்து எலும்புகள் பெரும்பாலும் குருத்தெலும்பே. இளந்தளிர் போல வளையும். சில நிமிடம் மெதுவாக நீவி, வந்த அளவுக்கு மாவுக்கட்டால் நிறுத்தி வைத்தால், ஒரு வாரத்தில் தசைநார்கள் அந்த நிலைக்குப் பழகிவிடும். அடுத்த வாரம் இன்னும் சிறிது. ஐந்து ஆறு கட்டுகளில் பாதம் நேராகிவிடும். பெரும்பாலோருக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சிறு வெட்டு மட்டும் தேவைப்படும். அதன் பின் மூன்று வாரம் கடைசிக் கட்டு. இதை அவர் 1963-லேயே வெளியிட்டும் பெரும்பாலோர் செவிசாய்க்கவில்லை. அவரிடம் சிகிச்சை பெற்ற குழந்தைகளை 30 ஆண்டு கழித்துப் பெரியவர்களாகப் பரிசோதித்த முடிவுகள் 1995-ல் வெளிவந்தன. அவர்களில் பெரும்பாலோர் வலியின்றி நன்றாக நடமாடினார்கள். அதன் பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. அவர் 2009-ல் மறைந்தார்.

இன்று கண்ணாடி இழையால் ஆன எடை குறைந்த கட்டுகள் வந்துவிட்டன. இருந்தும் இந்தச் சிகிச்சைக்குப் பழைய பாரிஸ் சாந்தே விரும்பப்படுகிறது. ஈரமாக இருக்கும்போது சின்னஞ்சிறு குதிகாலின் வளைவுக்கு ஏற்ப விரல்நுனியால் அதை வடிக்க முடியும். புதியது எல்லாவற்றிலும் சிறந்தது என்று நாங்கள் எண்ணியிருந்தோம்.

பெற்றோர் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டுகிறோம். ஒருமுறை எங்கள் தோழியின் தம்பிக்குக் கட்டு கீழே நழுவி, கால்விரல்கள் உள்ளே மறைந்துவிட்டன. அடுத்த திங்கள் வரை காத்திருக்காமல் மறுநாளே கொண்டு போனதால் தீங்கு நேரவில்லை. விரல்கள் மறைந்தாலும், நீலமாகவோ வெளுப்பாகவோ மாறினாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மற்றொன்று, கட்டுகள் முடிந்த பின் இரு காலணிகளை ஒரு கம்பியால் இணைத்துத் தருவார்கள். முதல் மூன்று மாதம் நாளெல்லாம், பிறகு நான்கு ஐந்து வயது வரை தூங்கும்போது போட வேண்டும். கால் நேராகிவிட்டதே என்று இதைக் கழற்றி வைப்பதால்தான் பல குழந்தைகளுக்குப் பாதம் மறுபடி வளைகிறது. எங்கள் தோழியின் அப்பத்தாவும், "பிள்ளை அழுகிறானே, இன்றைக்கு மட்டும் விட்டுவிடு" என்று பல இரவு கெஞ்சினாராம். "விட்டால் மறுபடியும் திங்கட்கிழமை தோறும் மதுரை போக வேண்டும் அப்பத்தா" என்று இவள் சொல்லித் தானே மாட்டிவிடுவாளாம்.

அறுத்தெடுத்த கூடுகளை அந்த அப்பத்தா வீசிவிடாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். வலது காலின் ஆறு கூடுகளையும் எங்களிடம் கொடுத்தார். ஆய்வுக்கூட அலமாரியில் ஜிப்சம் கல்லுக்குப் பக்கத்தில் அவை வரிசையாக இருக்கின்றன. முதல் கூட்டில் பாதம் உள்நோக்கி மடங்கியிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் பாதம் மெல்லத் திரும்பி, கடைசிக் கூட்டில் வெளிநோக்கி நிற்கிறது. ஆண்டு விழாவுக்கு வரும் பெற்றோர் பார்க்கலாம். தம்பிக்கு இப்போது பத்து மாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.