சிறு கணினியில் லினக்ஸ்: சாதன இயக்கிகளின் பணி

ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆர்.டி.பி. ஒர்க்ஸ்டேஷன்ஸ் என்னும் நிறுவனம் 2016-ஆம் ஆண்டில் ‘தின்புக்’ என்ற மடிக்கணினியை 9,999 ரூபாய் விலையில் வெளியிட்டது. 14.1 அங்குலத் திரை, இன்டெல் ஆட்டம் வகைச் செயலி, 2 ஜிகாபைட் நினைவகம், 32 ஜிகாபைட் சேமிப்பகம், விண்டோஸ் 10 இயங்குதளம் ஆகியவை அதன் உறுப்புகள். அதிக விலை கொடுக்க இயலாத மாணவர்களையும் சிறு வணிகர்களையும் கருதியே இவ்வகைக் கணினிகள் செய்யப்பட்டன.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவடைந்தது. அடுத்ததான விண்டோஸ் 11 இயங்குவதற்குக் குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பகமும் வேண்டும். இத்தகைய மலிவுக் கணினிகளிலோ நினைவகம் பெரும்பாலும் மின்சுற்றுப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைப் பெருக்க இயலாது. ஆகவே, பழுதேதும் இல்லாத யந்திரமும் குப்பைக்குப் போக நேரிடுகிறது. லினக்ஸ் அதற்கு மறுவாழ்வு அளிக்கக்கூடும். ஆனால், அம்முயற்சி வெற்றிபெறுமா என்பதைத் தீர்மானிப்பவை ‘இயக்கி’கள் எனப்படும் சிறு நிரல்களே.

இயக்கி என்பது யாது?

முற்காலத்தில் இரு வேறு மொழி பேசும் வணிகர்களுக்கு இடையே துபாஷி ஒருவர் நின்று, ஒருவர் சொல்வதை மற்றவருக்கு விளக்குவார். கணினியில் இயக்கி ஆற்றும் பணியும் அதுவே. லைனஸ் டார்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் வெளியிட்டு, இன்று உலகெங்குமுள்ள பொறியாளர்களால் வளர்க்கப்பட்டு வரும் லினக்ஸ் கெர்னல், இயங்குதளத்தின் உட்கருவாகும். “இவ்வொலியை எழுப்புக” என்று அது இடும் பொதுவான கட்டளையை, குறிப்பிட்ட ஒலிச் சில்லுக்குப் புரியும் சமிக்ஞைகளாக மாற்றுவது இயக்கி. துபாஷி இல்லையேல் சில்லு நல்ல நிலையில் இருந்தும் ஊமையாகவே இருக்கும்.

சில சாதனங்களுக்கு இயக்கி மட்டும் போதாது. சில்லின் உள்ளேயே ஓடவேண்டிய ‘நிலைப்பொருள்’ என்னும் நிரலையும், கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் அதனுள் ஏற்றவேண்டும். கம்பியில்லா வலையமைப்புச் சில்லுகள் பலவும் இத்தகையவை. நிலைப்பொருளின் கோப்பு இல்லாதபோது, இயக்கி இருந்தும் இணைப்புக் கிடைப்பதில்லை.

சிறு கணினியில் இடர் மிகுவது ஏன்?

மேசைக் கணினியில் சாதனங்கள் பெரும்பாலும் பி.சி.ஐ. அல்லது யு.எஸ்.பி. பாதைகளில் இணைக்கப்படுகின்றன. இப்பாதைகளில் உள்ள ஒவ்வொரு சாதனமும் தன்னைத் தயாரித்தவரின் எண்ணையும் தன் வகை எண்ணையும் தானே அறிவிக்கிறது. கெர்னல் அவ்வெண்களைக் கண்டு உரிய இயக்கியை அழைத்துக்கொள்கிறது.

மலிவான ஆட்டம் கணினிகளோ கைக்கணினிகளுக்கென வகுக்கப்பட்ட அமைப்பைப் பின்பற்றுபவை. அவற்றில் ஒலிச் சில்லும் தொடுபலகையும் ஐ-ஸ்கொயர்-சி என்னும் எளிய பாதையில் இணைக்கப்படுவது உண்டு. அப்பாதையில் சாதனம் தன் பெயரைத் தானே சொல்லாது. எந்த முகவரியில் எது உள்ளது என்பதைக் கணினியின் தொடக்க நிரலில் தயாரிப்பாளர் எழுதிவைத்த அட்டவணையே தெரிவிக்கவேண்டும். அட்டவணையில் பிழை இருப்பின், அக்கணினிக்கென்றே ஒரு திருத்தத்தைக் கெர்னலில் சேர்க்க நேரிடும்.

ரியல்டெக் 8723-பி.எஸ். என்னும் வைஃபை சில்லின் வரலாறு இதற்கொரு நல்ல உதாரணம். மலிவுக் கணினிகள் பலவற்றில் இடம்பெற்ற இச்சில்லின் இயக்கி, 2017-இல் வெளியான 4.12 பதிப்பில்தான் கெர்னலுடன் சேர்ந்தது. அதற்கு முன், அதை உபயோகித்தோர் இயக்கியைத் தனியே தொகுத்துக்கொள்ளவேண்டியிருந்தது; கெர்னல் மாறும்தோறும் மீண்டும் தொகுக்கவும் வேண்டியிருந்தது. இயக்கி கெர்னலுக்குள்ளேயே இருப்பின் இத்தொல்லை இல்லை. ஆகவே, பழைய வன்பொருளுக்குப் புதிய கெர்னலே பலசமயம் பொருத்தமாகிறது.

கையாளும் முறை

முதலாவதாக, உள்ள கோப்புகள் யாவற்றையும் வேறோரிடத்தில் படியெடுத்து வைக்கவேண்டும். பின்னர், லினக்ஸை யு.எஸ்.பி. நினைவுக்கோலில் பதிந்து, உள் சேமிப்பகத்தைத் தொடாமல், அக்கோலிலிருந்தே கணினியைத் தொடங்கிப் பார்க்கவேண்டும். ஆட்டம் கணினிகள் சிலவற்றில் செயலி 64 பிட்டாக இருந்தும் தொடக்க நிரல் 32 பிட்டாக உள்ளது. அதற்கு இடமளிக்காத கோல் தொடங்காது.

கணினி தொடங்கியபின் வைஃபை, ஒலி, தொடுபலகை, திரையின் ஒளி, மின்கல அளவு, உறக்கத்திலிருந்து விழித்தல் ஆகிய ஆறனையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கவேண்டும். ஏதேனும் ஒன்று இயங்காவிடில், ‘டி-மெசேஜ்’ எனப்படும் கட்டளையால் கெர்னலின் குறிப்பேட்டைக் காணலாம். நிலைப்பொருள் கிடைக்கவில்லை எனில், வேண்டப்பட்ட கோப்பின் பெயர் அங்கே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். டெபியன் தொகுப்பின் 12-ஆம் பதிப்பு முதல் (2023) இத்தகைய நிலைப்பொருள்கள் அதன் நிறுவல் வட்டிலேயே சேர்க்கப்பட்டுள்ளமையால் இவ்விடர் பெரிதும் குறைந்துள்ளது. வைஃபை எவ்வகையிலும் இணங்காவிடில், லினக்ஸ் அறிந்த சிறு யு.எஸ்.பி. வைஃபை கருவி ஒன்றைச் செருகுவது எளிய மாற்றாகும்.

இச்சோதனைகள் முடிந்த பின்னரே விண்டோஸை அழிப்பதா என முடிவு செய்தல் தகும். நிறுவும்போது எக்ஸ்.எஃப்.சி.இ., எல்.எக்ஸ்.கியூ.டி. போன்ற இலகுவான திரைச்சூழலைத் தேர்ந்தெடுத்தால் 2 ஜிகாபைட் நினைவகம் எழுத்துப் பணிக்கும் பாடங்களைப் படிப்பதற்கும் போதுமானது. நினைவகத்தில் உள்ளதைச் சுருக்கி வைக்கும் ‘இசட்-ராம்’ முறை மேலும் இடமளிக்கும். எனினும், வலை உலாவியில் பல பக்கங்களை ஒருங்கே திறந்தால் வேகம் குன்றும் என்பதை மறைப்பதற்கில்லை.

இந்திய மொழிகளில் பணியாற்றுவோர்க்கும் லினக்ஸில் குறையில்லை. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ்’ தொகுப்பும், ஹைதராபாத்தின் ஸ்வேச்சா இயக்கம் தெலுங்கில் அமைத்த தொகுப்பும் இதற்குச் சான்றுகள்.

ஒரு கணினியின் ஆயுளை அதன் உலோகமும் சிலிக்கனும் மட்டும் நிர்ணயிப்பதில்லை. அதனோடு பேசவல்ல துபாஷிகள் உள்ளவரை அது உழைக்கும். அவ்வியக்கிகளின் மூலநிரல் எவரும் கண்டு திருத்தக்கூடியதாக இருப்பதனால், தயாரிப்பாளர் கைவிட்ட யந்திரமும் ஒரு மாணவனின் மேசையில் இன்னும் சில ஆண்டுகள் பயன்படக்கூடும்.