மண்புழு உரம்: அள்ளும் பக்குவம்

மண்புழு உரத்துக்கு வெளிநாட்டுப் புழுவை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. சென்னை இராயப்பேட்டை புதுக் கல்லூரியில் மண்புழு ஆராய்ச்சி செய்த டாக்டர் சுல்தான் அகமது இஸ்மாயில் பரிந்துரைத்தவை நம் மண்ணின் புழுக்களே. பழைய எருக்குவியலின் அடியில், ஈரமுள்ள இடத்தில் அவற்றைத் தேடி எடுக்கலாம்.

நிழலில் தொட்டி அமைத்து, சூடு ஆறிய சாணமும் மக்கிய சருகும் இட்டுப் புழுக்களை விடவும். பச்சைச் சாணத்தின் சூடு புழுவைக் கொன்றுவிடும். ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்துவந்தால், சுமார் 2 மாதத்தில் மேல்பகுதி தேயிலைத் தூள்போல் கறுத்துக் குருணையாகும்.

அதுவே அள்ளும் பக்குவம். உடனே அள்ளாமல் 3, 4 நாட்கள் தண்ணீரை நிறுத்தவும். ஈரம் தேடிப் புழுக்கள் கீழே இறங்கும். பிறகு மேல் உரத்தை மட்டும் கையால் வழித்தெடுத்து, நிழலில் ஆறவிட்டுச் சலிக்கவும். மண்வெட்டி போட்டால் புழுக்கள் வெட்டுப்படும். அடுத்த உரத்துக்குப் புழு இராது. சலிக்கும்போது அகப்படும் புழுக்களை மீண்டும் தொட்டியில் விடவும்.