முகம் தட்டையான லாரி: வாங்குமுன் எண்ண வேண்டியவை

விளைபொருள் களத்தில் கிடக்கும் வரை அதற்குப் பாதி விலைதான். சந்தையைச் சென்றடைந்த பின்னரே அது முழு விலை பெறும். இதனை உணர்ந்தே விவசாயப் பெருமக்கள் பலர் தனித்தும் கூட்டாகவும் சரக்கு வண்டி வாங்க முன்வருகின்றனர். அவர்கள் விலையை விசாரிக்கின்றனர், வட்டியைக் கணக்கிடுகின்றனர், டீசல் செலவையும் கேட்டறிகின்றனர். ஆனால் வண்டியின் முகம் எத்தகையது என்று கேட்போர் மிகச் சிலரே. இது அழகு பற்றிய கேள்வியன்று. எஞ்சின் இருக்கும் இடத்தைப் பொறுத்தே பாரம் ஏற்றும் இடமும், வண்டி திரும்பும் வகையும், பழுது பார்க்கும் வசதியும், சாரதியின் உடல்நலமும் அமைகின்றன.

இருவகை முகங்கள்

எஞ்சின் சாரதிக்கு முன்னால், நீண்ட மூக்குப் போன்ற மூடியின் கீழ் அமைந்திருப்பது ஒரு வகை. சாரதியின் அறை எஞ்சினுக்கு மேலேயே அமைந்து, முகம் சுவர்போல் தட்டையாக இருப்பது மற்றொரு வகை. இரண்டுக்கும் நடுவே அரை மூக்கு வண்டிகளும் உண்டு. 1986ஆம் ஆண்டில் வெளிவந்த டாடா 407 அவ்வகையைச் சேர்ந்தது. 2005ஆம் ஆண்டில் வந்து, நம் ஊர்களில் ‘குட்டியானை’ என்று பெயர் பெற்றுவிட்ட டாடா ஏஸ் வண்டியில் எஞ்சின் இருக்கைக்கு அடியில் உள்ளது. நம் நெடுஞ்சாலைகளில் ஓடும் கனரக லாரிகளில் பெரும்பாலானவை இன்று தட்டை முகம் உடையவையே. மூக்குடைய அமைப்பைச் சிறிய பிக்கப் வண்டிகளில் இன்றும் பரவலாகக் காணலாம்.

சட்டம் வகுத்த உருவம்

அமெரிக்க நாட்டில் முன்னர்ப் பல மாநிலங்கள் லாரியின் மொத்த நீளத்துக்கு வரம்பு விதித்திருந்தன. மூக்கைக் குறைத்தால் அந்த நீளத்தைச் சரக்குக்குப் பயன்படுத்தலாம் என்பதால், அங்கே தட்டை முக லாரிகள் பெருகின. 1982ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், பெரிய நெடுஞ்சாலைகளில் பின்னால் இழுத்துச் செல்லப்படும் சரக்குப் பெட்டியின் நீளத்தை மட்டுமே அளக்கலாம், மொத்த நீளத்துக்கு வரம்பு கூடாது என்று கூறியது. அதன்பின் அங்கு மூக்கு லாரிகளே மீண்டும் பெருகின. ஐரோப்பாவிலோ மொத்த நீள வரம்பு நீடித்தது. தட்டை முகமும் நிலைத்தது. நம் நாட்டு விதிகளும் மொத்த நீளத்தையே அளக்கின்றன. எனவே ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று சொல்வதற்கில்லை. சாலையும் சட்டமும் சரக்குமே உருவத்தை முடிவு செய்கின்றன.

நன்மைகள்

முதலாவது நன்மை இடம். மூக்கு நான்கு அடி நீளம் என்று கொள்வோம். அதே மொத்த நீளத்தில் தட்டை முக வண்டி வாங்கினால், அந்த நான்கு அடியும் பாரத் தட்டுக்குக் கிடைக்கும். தட்டின் அகலம் 7 அடி, சரக்கு அடுக்கும் உயரம் 6 அடி என்றால் 168 கன அடி கூடுதல் இடமாகும். வைக்கோல், பஞ்சு, தென்னை நார், கீரை, காலிக் கூடை போன்ற எடை குறைந்து இடம் மிகுந்த சரக்குகளுக்கு இது பெரும் லாபம். ஆனால் நெல், செங்கல், உரமூட்டை போன்றவற்றில் தட்டு நிறையுமுன்பே எடை வரம்பு நிறைந்துவிடும். அங்கே கூடுதல் நீளத்தால் பயனில்லை. அதிகப் பாரம் ஏற்றும் ஆசையையே அது தூண்டும்.

இரண்டாவது நன்மை, திரும்பும் வசதி. ஒரே அளவுள்ள தட்டுக்குத் தட்டை முக வண்டியின் மொத்த நீளம் குறைவு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையேயுள்ள தூரமும் பெரும்பாலும் குறைவு. கோயில் தெருவின் முடுக்கிலும், களத்துமேட்டு வழியிலும், சந்தை வாயிலிலும் அது எளிதில் திரும்பும். முன்னால் மூக்கு மறைக்காததால் சாரதிக்குச் சாலையும் தெளிவாகத் தெரியும்.

குறைகள்

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். எஞ்சினின் வெப்பமும் ஓசையும் சாரதியின் காலடியிலிருந்தே எழுகின்றன. சித்திரை வெயிலில் இதன் கொடுமையை அனுபவித்தவர்களே அறிவர். 2025ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, புதிதாகச் செய்யப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் சாரதி அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாகும். ஆனால் கிராமங்களில் வாங்கப்படும் பழைய லாரிகளுக்கும், சிறு சரக்கு வண்டிகளுக்கும் இது பொருந்தாது.

சாரதியின் இருக்கை முன் சக்கரத்துக்கு மேலேயோ, அதற்கும் முன்னாலோ அமைவதால், பள்ளத்தின் அதிர்ச்சி நேரே அவர் முதுகெலும்பைத் தாக்கும். எல்லாவற்றிலும் பெரிய குறை, விபத்தின்போது அவருக்கு முன்னால் அடியைத் தாங்க மூக்கு இல்லை என்பதே. நேருக்கு நேர் மோதினால் கால்களே முதலில் சிக்கும். ஆகவே முன் வண்டிக்கும் தம் வண்டிக்கும் இடையே போதிய தூரம் விடுவதும், இடைவார் அணிவதும் இவ்வண்டியில் இருமடங்கு அவசியம்.

உயர்ந்த கனரக லாரியில் வேறொரு ஆபத்தும் உண்டு. தொலைவு நன்றாகத் தெரியும். ஆனால் கண்ணாடிக்கு நேர் கீழே நிற்கும் குழந்தை சாரதியின் கண்ணுக்குத் தெரியாது. பள்ளி அருகிலும் சந்தையிலும் நிறுத்திய லாரியைக் கிளப்புமுன் ஒருவர் இறங்கி முன்புறம் பார்த்துச் சைகை காட்டுவதைப் பஞ்சாயத்துகள் வழக்கமாக்க வேண்டும்.

நீண்ட நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும்போது தட்டை முகம் காற்றை அதிகம் எதிர்க்கும். டீசல் செலவும் அதற்கேற்பக் கூடும். கிராமச் சாலையின் வேகத்தில் இது பொருட்படுத்தத் தக்கதன்று.

பழுது பார்க்கும் முறை

மூக்கு வண்டியில் மூடியைத் திறந்தால் போதும். தட்டை முகமுடைய பெரிய லாரிகள் பலவற்றில் சாரதி அறை முழுவதையும் முன்புறம் சாய்க்க வேண்டும். சாய்த்தபின் எஞ்சின் முழுதும் வெளிப்படுவதால் பெரிய வேலைகள் எளிதாகும். ஆனால் சிறு வேலைக்கும் சாய்த்தாக வேண்டியிருக்கலாம். அப்போது கவனிக்க வேண்டியவை:

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப் பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும்.
2. அறைக்குள் தண்ணீர்க் குடம், பாத்திரம், கருவிப் பெட்டி இருந்தால் முன்னரே இறக்கிவிட வேண்டும்.
3. அறை முழுவதும் சாய்ந்து, தாங்குகம்பி பொருந்தும் வரை எவரும் அதன் கீழ் நுழையலாகாது. பாதி சாய்ந்த அறையை நம்பி உயிரைப் பணயம் வைக்கலாகாது.
4. இறக்கியபின் பூட்டு விழுந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

அறுவடைக் காலத்தில் பதரும் தூசியும் ரேடியேட்டரை அடைத்துக்கொள்ளும். அதைத் துப்புரவு செய்யாவிட்டால் எஞ்சினோடு சாரதியும் சேர்ந்தே வேகிறார்.

எவருக்கு எது ஏற்றது?

குறுகிய தெரு, நெருக்கமான சந்தை, எடை குறைந்த சரக்கு, குறைந்த தூரம் என்றால் தட்டை முகமே ஏற்றது. மேடு பள்ளம் மிகுந்த மண்பாதை, எடை மிகுந்த சரக்கு, திரும்ப விசாலமான இடம் என்றால் மூக்கு வண்டியையும் ஓட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இவற்றுக்கு மேலாக ஒன்றை நினைவில் கொள்ளல் வேண்டும். தட்டை முகத்தால் மிச்சமாகும் நான்கு அடியின் லாபம் உரிமையாளருக்குச் சேர்கிறது. அதன் வெப்பத்தையும் அதிர்ச்சியையும் ஆபத்தையும் சாரதியே சுமக்கிறார். அந்தச் சாரதி பெரும்பாலும் நம் ஊர்ப் பிள்ளையே. ஆதலின் வண்டி வாங்கும்போது நல்ல இருக்கைக்கும், எஞ்சின் மூடியின் வெப்பத் தடுப்புக்கும், போதிய ஓய்வுக்கும் ஆகும் தொகையை வீண் செலவென்று ஒதுக்காமல் முதலீட்டிலேயே சேர்த்து எழுதுங்கள். முன்பணம் கொடுக்குமுன் சாரதியை அழைத்துச் சென்று, பாரத்துடன், நம் ஊர்ச் சாலையிலேயே ஒரு முறை ஓட்டச் செய்யுங்கள். கணக்கேட்டில் அகப்படாத உண்மையை அவர் முதுகு சொல்லிவிடும்.