வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தால் என்ன செய்வது?

நெற்பயிர் மஞ்சளானால் உடனே யூரியா இடுவதில்லை. அடி இலை வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. குருத்திலை வெளுத்தால் இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். மஞ்சள் நிறம் அறிகுறியே. காரணத்தை நாம்தான் தேட வேண்டும். வண்டியின் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கும் அதைப் போன்றதே.

1-4-2020 முதல் நாடெங்கும் விற்பனைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில், சிறு கம்ப்யூட்டர் ஒன்று எஞ்சினைக் கண்காணித்துப் பழுதைக் குறியீடாகப் பதிவு செய்கிறது. தொட்டியம், முசிறிப் பகுதிகளிலிருந்து திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றி வரும் ‘குட்டி யானை’ வண்டிகளும் இதில் அடங்கும். 1-1-2023 முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கும் புகைக் கட்டுப்பாடு கடுமையாக்கப்பட்டதால், அவற்றிலும் இத்தகைய மின்னணு எஞ்சின்கள் வந்துள்ளன.

வழியில் விளக்கு எரிந்தால்

1. மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, ஓட்டத்தில் மாற்றமில்லையெனில், மிதவேகத்தில் சென்று சரக்கை இறக்கிவிட்டுப் பரிசோதிக்கலாம்.
2. பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிகளில் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், எரிபொருள் சரிவர எரியவில்லை என்று பொருள். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துக.
3. ஆயில் அல்லது எஞ்சின் சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால், உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுக. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது.

குறியீட்டைப் படிக்கும் முறை

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 துளைகளுள்ள இணைப்பு இருக்கும். மெக்கானிக் அதில் ஸ்கேனரைப் பொருத்திக் குறியீட்டைப் படிப்பார். எஞ்சின் சார்ந்தவை ‘பி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். அடுத்த எண் 0 எனில் எல்லா நிறுவனங்களுக்கும் பொது. 1 எனில் அந்த நிறுவனத்துக்கே உரியது.

இரு எடுத்துக்காட்டுகள்

பி 0118: எஞ்சின் சூட்டை அளக்கும் சென்சாரின் மின்சுற்றில் மின்னழுத்தம் அதிகம். பல வண்டிகளில் ஸ்கேனர் அப்போது மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். திருச்சி வெயிலில் இது நடவாத காரியம் அல்லவா? கனெக்டர் கழன்றிருக்கலாம், களத்து மேட்டில் நிறுத்திய வண்டியில் எலி வயரைக் கடித்திருக்கலாம். இவற்றைப் பார்த்த பின்னரே சென்சாரை மாற்ற வேண்டும்.

பி 0087: எரிபொருள் அழுத்தம் குறைவு. முதலில் டீசல் பில்டர் அடைப்பு, அதில் தேங்கிய நீர், குழாயில் காற்றுக் கசிவு ஆகியவற்றைக் கவனிக்கவும். விலை மிகுந்த பம்ப்பைச் சந்தேகிப்பது கடைசியாக இருக்கட்டும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

• குறியீட்டை அழிக்கும் முன் எழுதி வைத்துக்கொள்க. அது பதிவான நேரத்தின் எஞ்சின் சூடு, வேகம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்க.
• விளக்கை அணைப்பதற்காகப் பேட்டரி வயரைக் கழற்றாதீர்கள். பதிவு அழியக்கூடும், பழுது அப்படியே இருக்கும்.
• எந்த உதிரிபாகத்தை மாற்றச் சொன்னாலும், “எதைச் சோதித்து இம்முடிவுக்கு வந்தீர்கள்?” என்று கேளுங்கள்.
• பழுது நீங்கியபின் குறியீட்டை அழித்து, வண்டியை ஓட்டிப் பார்த்து, மீண்டும் ஸ்கேன் செய்க.

மண் பரிசோதனை செய்து உரமிடுவது போல, சோதித்தறிந்து பாகம் மாற்றினால் வீண் செலவு குறையும். வாழைத்தாரும் காலத்தே சந்தை சேரும்.