பட்டை தெரியாத கோழி

அன்பின் பிள்ளைக்கு,

கிளிநொச்சி அறிவியல் நகரிலிருந்து நீர் போட்ட கடிதம் கிடைத்தது. ஊர்க்கோழிக் குடலில் ஒக்லூடின் என்ற புரதத்தைத் தேடியதாகவும், பிறபொருளெதிரியால் புரதத்தைக் காட்டும் வெஸ்டர்ன் புளொட்டில் பட்டை ஒன்றும் விழவில்லை என்றும் எழுதியிருந்தீர். அப்படியென்றால் வன்னிக் கோழிக்கு அந்தப் புரதம் கிடையாதா என்று கேட்கிறீர். உம்மேல் எனக்குக் கோபமில்லை. பட்டை இல்லையென்றால் புரதமும் இல்லை என்று படிப்பிக்கிறவர்கள்மேல்தான் கோபம்.

ஒக்லூடின் முதன்முதலில் அகப்பட்டதே கோழியில்தான், பிள்ளை! 1993இல் யப்பானில் புருசே, சுக்கிற்றா குழுவினர் கோழிக்குஞ்சின் ஈரலிலிருந்து கலச்சந்திகளைப் பிரித்தெடுத்து எலிகளுக்கு ஏற்றினார்கள். எலிகள் உண்டாக்கிய பிறபொருளெதிரிகளில் எது இறுக்கமான சந்தியில் போய் ஒட்டுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் அந்தப் புரதத்தைப் பிடித்தார்கள். 1986இல் ஸ்டீவன்சனும் குடினஃபும் சுண்டெலி ஈரலை வைத்து அதே சந்தியின் இன்னொரு புரதமான இசட் ஓ-1ஐக் கண்டதும் இதே வழியில்தான். முதலில் வந்தது பிறபொருளெதிரி. புரதத்தின் அடையாளம் பிறகு. இந்த வரிசையை நான் எல்லா மாணவர்க்கும் சொல்வேன். கட்டுரையில் படத்தைப் பார்க்குமுன் செய்முறைப் பகுதியை வாசிக்கும் பழக்கமும் எனக்கு இந்த இரண்டு ஆய்வுகளையும் வாசித்துத்தான் வந்தது.

இனி உமது சிக்கல். கோழியில் கண்டதைப் பாலூட்டிகளில் பிடிக்க 1996 வரை சென்றது. மனிதன், சுண்டெலி, நாய் மூன்றின் ஒக்லூடின்களும் தங்களுக்குள் ஏறக்குறைய 90 வீதம் ஒத்துப்போகின்றன. கோழியினதோடு பொருத்தினால் ஒற்றுமை 50 வீதமளவில் நின்றுவிடுகிறது. உம்முடைய பிறபொருளெதிரிக் குப்பியோ மனித ஒக்லூடினின் ஒரு துண்டை முயலுக்கு ஏற்றி எடுத்தது. எந்தத் துண்டு? நீர் எழுதவில்லை. தரவுத்தாளில் அதைத்தான் முதலில் தேடவேண்டும். விலையையும் கொடுத்திருக்கும் படத்தையும் மட்டும் பார்த்து வாங்குவது பெருங்கேடு! அந்தத் துண்டின் அமினோவமில வரிசையைக் கோழியின் வரிசைக்குப் பக்கத்தில் வைத்துப் பாரும். இசட் ஓ-1ஐப் பிடித்துக்கொள்ளும் வால்முனைத் துண்டென்றால் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம்.

அடுத்த ஓட்டத்தில் நாய்ச் சிறுநீரகக் கலங்களின் சாற்றையும் ஒரு குழியில் விடும். அங்கே 65 கிலோடால்ற்றன் அளவில் பட்டை விழுந்து கோழியில் விழாவிட்டால், குப்பி நல்லது, கோழியைத்தான் அதற்குத் தெரியவில்லை. பட்டை சற்று மேலே இழுபட்டுக் கிடந்தாலும் எறிந்துவிடாதேயும். பொசுபேற்று ஏறிய ஒக்லூடின் அப்படித்தான் நிற்கும். நாயிலும் ஒன்றுமில்லையென்றால் செய்முறையையோ குப்பியையோ சந்தேகியும். மின்வெட்டில் உருகி உருகி உறைந்த பிறபொருளெதிரி வேலை செய்யாமல் போகலாம். வந்த அன்றே சின்னக் குழாய்களில் பிரித்து வைக்கவேண்டும்.

பட்டை விழுந்தாலும் உடனே நம்பிவிடக்கூடாது. 1998இல் ஒக்லூடின் மரபணுவை நீக்கிய சுண்டெலிக் கலங்களும் இறுக்கமான சந்தி கட்டின. ஒக்லூடின் இல்லாத அப்படிப்பட்ட கலத்திலும் பட்டை காட்டுகிற குப்பி எதையோ வேறொன்றைப் பிடிக்கிறது.

தரவுத்தாளையும், ஓரம் வெட்டாத முழுப் புளொட் படத்தையும் அடுத்த கடிதத்தோடு அனுப்பும்.

அன்புடன்,
உமது ஆசிரியர்